மசி 390டி டிரக்டருக்கு மாற்று டர்போ: பஸ்ஸின்ரையா, பிக்கப்பின்ரையா?

புத்தூர்க்கலப்பை:

அண்ணைமாருக்கு வணக்கம். மசி பேர்குசன் 390டி. நாலு சிலிண்டர் பேர்கின்ஸ், 3.86 லீற்றர், இன்டர்கூலர் (அமத்தின காற்றை ஆத்துறது) இல்லை. டர்போ முடிஞ்சுது.

முதல் நீலப் புகை வந்தது. பேந்து சுமை ஏத்தினால் கறுப்புப் புகை, இழுவையும் இல்லை. எயார் பில்டர் பக்க ஹோஸைக் கழட்டிப் பார்த்தால் உள்ளுக்கு ஒயில் ஈரம். காற்றை அமத்திற கொம்பிரசர் சில்லு கூட்டிலை உரசி இலைகளின்ரை நுனி மழுங்கியிருக்கு. சாப்டைப் பிடிச்சு முன்னும் பின்னும் தள்ளினால் டக்கெண்டு தட்டுப்படுது. புகையாலை சுத்திற டர்பைன் சில்லின்ரை கூட்டு வாயிலையும் ஒரு வெடிப்பு. பெயர்த்தகடு எப்பவோ கழண்டு விழுந்திட்டுது, அதாலை இலக்கம் ஒண்டும் சொல்ல ஏலாது.

காலபோக உழவுக்கு முதல் மெசின் ஓட வேணும். பழைய சாமான் கடையிலை இப்ப ரெண்டு டர்போ கிடைக்குது. ஒண்டு டாட்டா பஸ் 697 எஞ்சின்ரை. மற்றது ஹைலக்ஸ் 2.4 டர்போ டீசலின்ரை. பஸ்ஸின்ரை பெரிசு, வலுவாயும் இருக்கு. பிக்கப்பின்ரை கையுக்குள்ளை அடங்குது, இவ்வளவு பெரிய எஞ்சினுக்குக் காணுமோ எண்டு பயமாயிருக்கு. எதை எடுக்கலாம்? பூட்டேக்கை என்னென்ன மாத்த வேணும்?

நவாலி_டீசல்:

தம்பி, ரெண்டையும் எடுக்க முதல் மூண்டு வேலை இருக்கு.

முதலாவது, ப்ளொக்கிலை அடிச்சிருக்கிற எஞ்சின் இலக்கத்தின்ரை முதல் ரெண்டு எழுத்தைப் பாருங்கோ. எல்ஜே எண்டால் கொம்பனியே டர்போவோடை செய்த டி4.236. எல்டி எண்டால் அது டர்போ இல்லாத 4.236, ஆரோ பேந்து எஞ்சின் மாத்திப் போட்டிருக்கினம். வெளியிலை பார்க்க ரெண்டும் ஒரே மாதிரித்தான். பழைய மெசினுகளிலை எஞ்சின் மாறியிருக்கிறது புதினமில்லை. எல்டிக்கு டர்போ போடுறது வேறை விசயம், அப்பிடி எண்டால் இஞ்சை திரும்ப வந்து சொல்லுங்கோ.

ரெண்டாவது, பழைய டர்போ ஏன் செத்தது எண்டு கண்டுபிடியுங்கோ. அது தெரியாமல் பூட்டின மாற்று டர்போ ஒரு கிழமையிலை திரும்பக் கழண்டு வரும். சில்லையும் சாப்டையும் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாருங்கோ, அதுவே சொல்லும். கொம்பிரசர் இலைகளின்ரை முன் விளிம்பு கத்தி மாதிரி மெலிஞ்சு தேஞ்சிருந்தால் தூசி போயிருக்கு. வலிகாமத்துச் செம்மண் மா மாதிரி நொய்ஞ்ச மண். பில்டருக்குப் பின்னாலை ஹோஸிலை ஒரு மயிர் வெடிப்புக் காணும் அது உள்ளுக்குப் போக. இலை அங்கங்கை மடிஞ்சு குத்துப்பட்டிருந்தால் நட்டோ வாசரோ உள்ளுக்குப் போயிருக்கு. சாப்டு பெயரிங் இருக்கிற இடத்திலை நீலமோ வைக்கோல் நிறமோ அடிச்சிருந்தால் ஒயில் காணேல்லை. நிறம் மாறாமல் வட்ட வட்டமாய்க் கோடு விழுந்திருந்தால் ஒயில் வந்திருக்கு, ஆனால் அழுக்கு ஒயில்.

மூண்டாவது, முழு டர்போவும் மாத்த வேணுமோ எண்டு பாருங்கோ. நடுவிலை இருக்கிற கோர், அதாவது சாப்டு, ரெண்டு சில்லு, பெயரிங் கூடு எல்லாம் சேர்ந்தது, தனியாய்ப் புதிசு வருகுது. பழைய ரெண்டு கூட்டுக்குள்ளையும் அதைப் போட்டால் பிளாஞ்ச் (போல்ட் பூட்டுற விளிம்பு), ஒயில் பைப், எல்போ ஒண்டும் மாத்தத் தேவையில்லை, அளவுப் பொருத்தமும் மாறாது. டர்பைன் கூட்டிலை வாயின் உள் நாக்கிலை இருக்கிற சின்ன வெடிப்பு ஓடும். வெளிச்சுவரிலையோ பிளாஞ்சிலையோ போன வெடிப்பு எண்டால் அந்தக் கூடு வேண்டாம்.

பெயர்த்தகடு இல்லாட்டிலும் பரவாயில்லை. பேர்கின்ஸின்ரை டர்போ இலக்கங்கள் 2674ஏ எண்டு தொடங்கும். எஞ்சின் இலக்கத்தை முழுசாய்க் குடுத்தால் சாமான் கடைக்காரர் அதிலை இருந்து எடுப்பினம். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலை இல்லாட்டி கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி எடுப்பிக்கலாம். அங்கை போக முதல் கொம்பிரசர் சில்லின்ரை சின்னப் பக்க விட்டம், பெரிய பக்க விட்டம், இலை எண்ணிக்கை, டர்பைன் சில்லின்ரையும் அதே மூண்டு, எல்லாத்தையும் வேர்ணியராலை அளந்து எழுதிக்கொண்டு போங்கோ. இலக்கம் இல்லாத டர்போவுக்கு இதுதான் அடையாள அட்டை.

வழுக்கையாற்றான்:

கோர் கிடைச்சால் நவாலி அண்ணை சொன்னதுதான் முதல் தெரிவு. கிடைக்காட்டிக்கு எந்த டர்போ எண்ட கேள்விக்கு நான் கணக்கோடை சொல்லுறன்.

டர்போவுக்கு உங்கடை எஞ்சின் எத்தினை லீற்றர் எண்டு தெரியாது. நிமிசத்துக்கு எவ்வளவு காற்று தன்னூடாகப் போகுது எண்டதுதான் அதுக்குத் தெரியும். நாலடி (4 ஸ்ட்ரோக்) எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒருக்காத்தான் முழுக்கொள்ளளவை இழுக்கும். அதாலை லீற்றரை ரெண்டாலை பிரிச்சு நிமிசத்துக்கு ஓடுற கூடின சுத்தாலை பெருக்குங்கோ.

உங்கடை மெசின்: 3.86 ÷ 2 × 2200 = நிமிசத்துக்கு 4246 லீற்றர்.
ஹைலக்ஸ் 2.4, அதாவது 2எல்-டி: 2.446 ÷ 2 × 4000 = 4892 லீற்றர்.
இசுசு 2.8 டர்போ, அதாவது 4ஜேபி1-டி: 2.771 ÷ 2 × 3600 = 4988 லீற்றர்.
டாட்டா 697: 5.675 ÷ 2 × 2400 = 6810 லீற்றர்.

பார்த்தியளோ? சின்னன் எண்டு நீங்கள் பயந்த பிக்கப் டர்போதான் கிட்ட நிக்குது. பஸ்ஸின்ரை டர்போ 60 வீதம் பெரிசு.

இனி டிரக்டர் உழுகிற இடத்துக்கு வாங்கோ. கலப்பை இறுகி சுத்து 1400க்கு விழுந்தால் எஞ்சின் இழுக்கிறது 2702 லீற்றர். 697இலை அதே காற்றுப் போறது 950 சுத்திலை, கிட்டத்தட்ட ஐடிலிலை. பஸ் ஐடிலிலை நிக்கேக்கை டர்போ என்ன பூஸ்ட், அதாவது காற்றழுத்தம், தரும்? ஒண்டும் தராது. அப்ப டீசல் பம்ப் டர்போவுக்கு எண்டு கணக்காய் டீசல் விடும், காற்று இருக்காது. கறுப்புப் புகை, சூடு, கடைசியிலை பிஸ்டன் தலை போகும். நீங்கள் 2200 வரைக்கும் முறுக்கினாலும் அந்த டர்போவுக்கு அது பஸ் 1500 சுத்திலை ஓடுற மாதிரித்தான். வேலை செய்யத் தொடங்கிற இடத்திலை உங்கடை சுத்து முடிஞ்சு போகும்.

ஹைலக்ஸ் டர்போவுக்கு உங்கடை 1400 எண்டுறது அதின்ரை 2200. அங்கை அது நல்லாய்ப் பிடிக்கும். உங்கடை 2200 அதின்ரை 3470. அதுவும் எல்லைக்குள்ளை. ஆனால் ஒரு விசயம். பிக்கப் 3500 சுத்திலை முழுச் சுமையோடை எத்தினை நிமிசம் ஓடும்? டிரக்டர் காலமை தொடக்கம் பின்னேரம் மட்டும் அப்பிடித்தான் ஓடும். அதாலை தெரிவு இருந்தால் நான் இசுசு 2.8இன்ரை டர்போவைத்தான் எடுப்பன். உங்கடை 1400 அதுக்கு 1950, உங்கடை 2200 அதுக்கு 3065. ரெண்டு அந்தமும் வசதியாய் இருக்கும், டர்பைன் பக்கம் நெரிசலும் குறைவு.

வேஸ்ட்கேட் (பூஸ்ட் கூடினால் புகையை டர்பைனுக்குப் போகாமல் வெளியாலை விடுற கதவு) இருக்கிற டர்போதான் எடுக்க வேணும், அது வேலை செய்யவும் வேணும். இன்டர்கூலர் இல்லாத எஞ்சினுக்கு பூஸ்ட் 10 பிஎஸ்ஐக்கு மேலை வேண்டாம். 10 பிஎஸ்ஐயிலை இன்லெட் மனிபோல்டுக்குள்ளை போற காற்று கிட்டத்தட்ட 100 பாகை செல்சியஸ். அதுக்கு மேலை அமத்தினால் சூடு கூடுற அளவுக்கு காற்றின்ரை அடர்த்தி கூடாது.

கடையிலை வைச்சே வேஸ்ட்கேட்டைச் சோதிக்கலாம். அளவுமானி உள்ள கைப்பம்பை, அந்தக் கதவைத் திறக்கிற அக்சுவேட்டரின்ரை ரப்பர்க் குழாயிலை மாட்டி மெதுவாய் அடியுங்கோ. தண்டு நகரத் தொடங்கிற அழுத்தத்தைப் பாருங்கோ. அடிச்சுப்போட்டு விட்டால் ஊசி அப்பிடியே நிக்க வேணும். இறங்கினால் உள்ளை டயபிரம் கிழிஞ்சிருக்கு. அந்த அக்சுவேட்டரோடை ஓட்டினால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் எங்கை போய் நிக்கும் எண்டு சொல்ல ஏலாது.

புத்தூர்க்கலப்பை:

நன்றி அண்ணை, கணக்கு வடிவாய் விளங்குது. எழுத்துப் பார்த்தன், எல்ஜே தான். கொம்பிரசர் இலை விளிம்பு தேயேல்லை. சாப்டு பெயரிங் இடத்திலை நீலமாய்த்தான் இருக்கு. கூட்டு வெடிப்பு வெளிச்சுவர் வரைக்கும் போயிருக்கு, அப்ப கோர் மாத்தியும் பிரயோசனம் இல்லை. இசுசு 2.8இன்ரை ஒண்டு கிடைக்கும் எண்டு கடையிலை சொல்லுகினம். பிளாஞ்ச் பொருந்தாது, புகை மனிபோல்டோடை சேர்த்து வெல்டிங் வைக்கலாம் எண்டு பட்டறையிலை சொல்லினம். சரியோ?

கோண்டாவில்_லேத்:

வெல்டிங் வேண்டாம். மனிபோல்ட் வார்ப்பு இரும்பு. சாதாரணக் கம்பியாலை ஒட்டினால் ஆறேக்கை ஒட்டுக்குப் பக்கத்திலை வெடிக்கும். நிக்கல் கம்பியாலை, சூடாக்கி ஒட்டினாலும் முகம் வளையும். வளைஞ்ச மனிபோல்ட் ஹெட்டிலை இருக்காது.

இடைத்தட்டுச் செய்யுங்கோ. 12 மில்லிமீற்றர் மைல்ட் ஸ்டீல் தட்டு. மனிபோல்ட் வாயிலையும் டர்போ வாயிலையும் தடித்த மட்டையை வைச்சுச் சுத்தியலாலை மெல்லத் தட்டி அச்சு எடுங்கோ. ரெண்டு மட்டையையும் ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்சால் ஓட்டைகள் எங்கை மோதுது எண்டு தெரியும். மோதினால் தட்டைத் திருப்பிப் பாருங்கோ. ஒரு தொகுதி ஓட்டைக்கு தலை அமிழ்ந்த அலன்கீ போல்ட், மற்றத் தொகுதிக்கு தட்டிலையே புரி வெட்டி ஸ்டட். நடு ஓட்டையை மனிபோல்ட் பக்க அளவிலை தொடங்கி டர்போ பக்க அளவுக்குச் சாய்வாய் அராவ வேணும். படி விட்டால் புகை அதிலை முட்டி வேகம் குறையும், டர்போ பிந்தித்தான் எழும்பும். கடைசியாய் ரெண்டு முகத்தையும் லேத்திலை பிடிச்சு எடுங்கோ. நேர்விளிம்பு வைச்சால் 0.1 மில்லிமீற்றர் பீலர் தகடு உள்ளுக்குப் போகக் கூடாது. ஸ்டீல் கஸ்கட் போடுங்கோ. முதல் தரம் சூடாகி ஆறினாப் பிறகு எல்லா நட்டையும் திரும்ப இறுக்க வேணும், இதை மறக்கிற ஆக்கள்தான் கூட.

புரியிலை கவனம். பேர்கின்ஸ் பக்கம் பலது அங்குலப் புரி, யப்பான் டர்போ முழுக்க மெற்றிக். கையாலை நாலு சுத்துப் போகாத போல்ட்டை ஸ்பானராலை வலிஞ்சு முறுக்க வேண்டாம்.

நவாலி_டீசல்:

சாப்டு நீலம் எண்டால் ஒயில் பட்டினி. தம்பி, இது டர்போவின்ரை பிழை இல்லை, ஒயில் வழியின்ரை பிழை. இதிலை அவசரப்பட வேண்டாம்.

ஒயில் வாற பைப்பைக் கழட்டி ரெண்டு அந்தத்தையும் பாருங்கோ. டர்போ பக்கம் சூட்டிலை ஒயில் கருகி உள்சுவரிலை படிஞ்சு படிஞ்சு, 5 மில்லிமீற்றர் ஓட்டை ஊசித்துவாரம் ஆகியிருக்கும். கம்பி விட்டுச் சுரண்டித் திரும்பப் போட வேண்டாம். சுரண்டின கரி அப்பிடியே புது பெயரிங்குக்குள்ளை போகும். புதுப் பைப் போடுங்கோ. பழைய கஸ்கட் பசையும் இப்பிடித்தான் அடைக்கும். ஒயில் போற எந்த மூட்டிலையும் சிலிக்கன் பூச வேண்டாம், உள்ளுக்குப் பிதுங்கின துண்டு கழண்டு போய் ஓட்டையை மூடும்.

பேந்து அழுத்தம். டர்போவுக்குப் போற இடத்திலை மானி போட்டுப் பாருங்கோ. எஞ்சின் சூடாய் இருக்கேக்கை, ஐடிலிலை 10 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது, சுமையிலை 30 வேணும். அது இல்லாட்டி மெயின் பெயரிங்கையோ ஒயில் பம்பையோ பார்க்க வேணும். எந்த டர்போ பூட்டினாலும் அந்த எஞ்சின் அதைத் தின்னும்.

இறங்கிற பைப் ஏறுற பைப்பிலும் முக்கியம். டர்போவை விட்டு வாற ஒயில் நுரைச்சு வரும், அழுத்தம் இல்லை, தானாய் விழ வேணும். உள்விட்டம் 19 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. டர்போவின்ரை அடிவாய் நேர் கீழைப் பார்க்க வேணும், சரிஞ்சால் கூடினது 35 பாகை. நடுவிலை வளைஞ்சு தொங்கி மேலை ஏறக் கூடாது. சம்பிலை (எஞ்சின் அடியிலை ஒயில் நிக்கிற தொட்டி) ஒயில் மட்டத்துக்கு மேலைதான் போய்ச் சேர வேணும். இதிலை ஒண்டு பிழைச்சாலும் ஒயில் நிரம்பி சீல் வழியாய் ரெண்டு பக்கமும் தள்ளும். பேந்து "புது டர்போவும் ஒயில் அடிக்குது" எண்டு கடைக்காரரோடை சண்டை. டர்போவிலை பிழை இருக்காது. ரப்பர் போடுறதெண்டால் ஒயில் தாங்கிற ஹோஸ் போடுங்கோ. றேடியேற்றர் ஹோஸ் ஊதி உள்தோல் கழண்டு வழியை மூடும்.

ப்ளொக்கின்ரை மூச்சுக் குழாயையும் கழட்டிப் பாருங்கோ. அடைச்சிருந்தால் சம்புக்குள்ளை அழுத்தம் ஏறி ஒயிலை இறங்க விடாது.

புத்தூர்க்கலப்பை:

கழட்டிப் பார்த்தன் அண்ணை. ஏறுற பைப் டர்போ பக்கத்திலை ஒரு நெருப்புக்குச்சி கூடப் போகாது! மானி போட்டால் ஐடிலிலை 18, முறுக்கினால் 45. அப்ப எஞ்சின் நல்லம்.

இன்னும் ரெண்டு கேள்வி. கடைக்காரர் காட்டின டர்போவிலை தண்ணி போற ரெண்டு வாய் இருக்கு, என்ன செய்யிறது? சாப்டு பக்கவாட்டிலை ஆடுது, அது பழுதோ?

வழுக்கையாற்றான்:

பக்கவாட்டு ஆட்டம் இருக்கத்தான் வேணும். பெயரிங் ஒயிலிலை மிதக்கிறது, காய்ஞ்சு இருக்கேக்கை ஆடும். ஒரு பக்கம் அமத்திக்கொண்டு சுத்துங்கோ, பேந்து மற்றப் பக்கம். ரெண்டு சில்லும் கூட்டிலை எங்கையும் தட்டக் கூடாது. முன்பின் ஆட்டம்தான் முக்கியம். டயல் மானி வைச்சால் 0.1 மில்லிமீற்றருக்கு மேலை போகக் கூடாது. கையாலை டக்கெண்டு தெரிஞ்சால் திரஸ்ட் பெயரிங் போச்சு, அதை வாங்க வேண்டாம்.

தண்ணி வாய் இருந்தால் இணைக்கிறதுதான் நல்லம். ஹெட்டாலை வாற சூட்டுத்தண்ணி வழியிலை இருந்து ஒரு கிளை, திரும்பிப் போறது தண்ணிப் பம்பின்ரை உறிஞ்சும் பக்கத்துக்கு. இணைக்க வசதி இல்லாட்டி காயவிட்டு ரெண்டு வாயையும் திறந்து விடுங்கோ. உள்ளை தண்ணி நிக்க ரெண்டையும் அடைச்சால் கொதிச்சு ஆவி அழுத்தும். காயவிட்டு ஓட்டுறதெண்டால் நிப்பாட்ட முதல் மூண்டு நிமிசம் ஐடிலிலை விடுறதைத் தவற விட வேண்டாம். கலப்பையைத் தூக்கின உடனை எஞ்சினை நிப்பாட்டுற பழக்கந்தான் உங்கடை பைப்பிலை அந்தக் கரியைப் படிய வைச்சது.

கோண்டாவில்_லேத்:

வாங்கின டர்போவின்ரை வாய்கள் எங்கை பார்த்தாலும் யோசிக்க வேண்டாம். ரெண்டு கூட்டின்ரை போல்ட்டையும் இளக்கினால் நடுக்கூட்டைத் திருப்பலாம். முதல் டர்பைன் கூட்டை மனிபோல்டிலை இருத்துங்கோ, பேந்து ஒயில் அடிவாய் நேர் கீழை வரும் வரைக்கும் நடுவைத் திருப்புங்கோ, கடைசியாய்க் கொம்பிரசர் வாயை ஹோஸ் வாற பக்கம் திருப்புங்கோ. இந்த ஒழுங்கை மாத்த வேண்டாம். வேஸ்ட்கேட் அக்சுவேட்டரின்ரை தாங்கி இடிச்சால் தாங்கியைப் புதுசாய் வளைச்சுச் செய்யலாம், ஆனால் தண்டின்ரை நீளம் மாறக் கூடாது. நீளம் மாறினால் பூஸ்ட் மாறும்.

சைலன்சரின்ரை பாரம் டர்போவிலை தொங்கக் கூடாது. ப்ளொக்கிலை இருந்து ஒரு தாங்கி குடுங்கோ. நிமிர்ந்த சைலன்சருக்கு மூடி கட்டாயம். மாரி மழை நேரை டர்பைனுக்குள்ளை போய் சில்லு துருப்பிடிச்சு இறுகும். மெசினை லொறியிலை ஏத்திக்கொண்டு போகேக்கையும் சைலன்சர் வாயைக் கட்டுங்கோ. காற்றுக்கு டர்போ தானாய்ச் சுத்தும், எஞ்சின் நிக்கிறதாலை ஒயில் வராது, பெயரிங் தேயும்.

நவாலி_டீசல்:

முதல் ஸ்ராட் பண்ணுற முறை. பழைய டர்போவின்ரை துண்டுகள் இன்லெட் பைப்பிலையும் மனிபோல்டிலையும் கிடக்கும், ரெண்டையும் கழட்டிக் கழுவுங்கோ. ஒயில், ஒயில் பில்டர் புதிசு. டர்போவின்ரை மேல்வாயிலை சுத்த ஒயிலை விட்டு, கையாலை சில்லைச் சுத்தி, நிரம்பும் வரைக்கும் விடுங்கோ. டீசலை நிப்பாட்டுற ஸ்டொப்பை இழுத்து வைச்சுக்கொண்டு ஸ்ராட்டரை 10 செக்கன் 10 செக்கனாய் அடியுங்கோ, மானியிலை அழுத்தம் தெரியும் மட்டும். பேந்துதான் எஞ்சினை எழுப்பிறது. மூண்டு நிமிசம் ஐடில். முறுக்க வேண்டாம். அடிவாய் மூட்டிலை கசிவு இருக்கோ எண்டு லைட் பிடிச்சுப் பாருங்கோ.

பூஸ்ட் மானி ஒண்டு இன்லெட் மனிபோல்டிலை நிரந்தரமாய்ப் பூட்டுங்கோ. மாற்று டர்போ போட்ட மெசினுக்கு அதுதான் கண். உழுகேக்கை 7க்கும் 10க்கும் இடையிலை நிண்டால் சரி. 10ஐத் தாண்டினால் வேஸ்ட்கேட்டைப் பாருங்கோ. 4, 5இலை நிண்டு கறுப்பாய்ப் புகைச்சால் முதல் ஹோஸ் கிளிப்புகளுக்குச் சவர்க்காரத் தண்ணி அடிச்சுப் பாருங்கோ, பேந்து இடைத்தட்டிலை கரிக்கோடு இருக்கோ எண்டு பாருங்கோ. அதுகள் சரியாய் இருந்தாலும் டீசல் பம்பிலை கை வைக்க வேண்டாம். சீஏவி டிபிஏ பம்பிலை கூடின டீசல் அளவு உள்ளுக்குத்தான் வைக்கிறது. கழட்டினால் பம்ப் பட்டறையிலை மேசையிலை வைச்சுத்தான் சரி பண்ண ஏலும். வசதி இருந்தால் டர்போவுக்கு முன்னாலை புகை மனிபோல்டிலை ஒரு வெப்பமானியும் போடுங்கோ. தொடர்ந்து இழுக்கேக்கை 650 பாகைக்கு மேலை விடாதேங்கோ.

சாமான் வர நாளாகும் எண்டால் டர்போ இல்லாமலும் மெசினை நகர்த்தலாம். ஏறுற ஒயிலை ப்ளொக்கிலையே செம்பு வாசரோடை அடைப்பான் போட்டு மூடுங்கோ, சம்புப் பக்கத்தையும் மூடுங்கோ, பில்டரை நேரை இன்லெட்டுக்கு இணையுங்கோ. பெட்டி (டிரெயிலர்) இழுக்கலாம், தண்ணி பவுசர் இழுக்கலாம், அதுவும் ஒரு கியர் குறைச்சு, அரைச் சுத்திலை. உழவுக்கு இறக்க வேண்டாம். டீசல் டர்போவின்ரை அளவுக்கே வரும், காற்று இல்லை, பிஸ்டன்தான் விலை குடுக்கும்.

புத்தூர்க்கலப்பை:

இசுசு டர்போ எடுத்தாச்சு. முன்பின் ஆட்டம் டயலிலை 0.06. அக்சுவேட்டர் 8 பிஎஸ்ஐயிலை நகருது, விட்டால் ஊசி நிக்குது. தட்டுக்கு மட்டை அச்சு எடுத்துக் கோண்டாவில் அண்ணை சொன்ன மாதிரி 12 மில்லிமீற்றரிலை வெட்டக் குடுத்திருக்கிறன். ஒரு ஓட்டை மட்டும் மோதுது, தட்டைத் திருப்பினாலும் மோதுது.

கோண்டாவில்_லேத்:

தட்டை 16 மில்லிமீற்றராக்குங்கோ. மோதுற இடத்திலை மனிபோல்ட் பக்கப் போல்ட்டின்ரை தலையை முழுக்க அமிழ்த்தி, அதுக்கு மேலை டர்போ பக்க ஸ்டட் வராமல் 5 மில்லிமீற்றர் தள்ளிப் புரி வெட்டுங்கோ. டர்போ பிளாஞ்சிலை அந்த ஓட்டையை அதுக்கேற்ற மாதிரி நீளமாய் அராவலாம், கஸ்கட் அமருற விளிம்பை மட்டும் தொட வேண்டாம். நாலு மில்லிமீற்றர் உயர்ந்ததுக்கு இறங்கிற ஒயில் பைப்பின்ரை நீளத்தையும் திரும்ப அளவுங்கோ.